மீன் தொட்டிக்குள் ஏன் இவ்வளவு சண்டை?

வேலூரில் புதிதாக மீன் வளர்க்கத் தொடங்கும் வீடுகளில் பெரும்பாலும் இரண்டடித் தொட்டிதான் வந்து இறங்கும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். கணக்குப் போட்டால் 56 லிட்டர் வருகிறது. அடியில் போடும் கூழாங்கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக, 45 லிட்டர் தண்ணீர் நின்றாலே அதிகம். அதற்குள் பிள்ளைகள் கைகாட்டியதெல்லாம் வந்து சேரும்: இரண்டு கோல்டு ஃபிஷ், இரண்டு ஏஞ்சல், ஒரு ஜோடி கவுராமி, நான்கு டைகர் பார்ப், பாசியைத் தின்னட்டும் என்று ஒரு சக்கர் மீன். முதல் இரண்டு நாள் எல்லாம் நன்றாக இருக்கும். வாரம் முடிவதற்குள் ஏஞ்சலின் நீளத் துடுப்பு நார் நாராகக் கிழிந்திருக்கும். ஒரு கவுராமி ஃபில்டருக்குப் பின்னாலிருந்து வெளியே வராது. கடைக்கு போன் போட்டால், “அது ரவுடி மீனுங்க, எடுத்துடுங்க” என்பார்கள். எடுத்துவிடுவோம். அடுத்த வாரம் இன்னொரு மீன் அதே வேலையைத் தொடங்கும்.

மீனின் குணத்தில் குற்றம் கண்டுபிடித்தால் இது தீராது. தொட்டியில் நடக்கும் கடியும் துரத்தலும் பெரும்பாலும் இடம், இரை, ஜோடி, குஞ்சு ஆகிய நான்குக்காகத்தான். இவை மீன்களின் பிறவி இயல்பு. ஆற்றிலோ ஏரியிலோ தோற்ற மீன் நாலடி தள்ளிப் போனால் துரத்திய மீன் திரும்பிவிடும். கண்ணாடித் தொட்டியில் தோற்ற மீனுக்குப் போக இடம் கிடையாது. அது ஓடிப்போய் நிற்கிற மூலையும் ஜெயித்த மீனின் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் ஏரியில் சில நொடிகளில் முடிகிற விவகாரம் தொட்டியில் நாள் முழுக்க ஓடுகிறது. மீனின் இயல்பை நம்மால் மாற்ற முடியாது. தொட்டியை மாற்ற முடியும்.

இந்த இயல்பைப் பார்க்க அமேசான் வரை போக வேண்டாம். நம் ஏரிகளில் கிடைக்கும் ஜிலேபி மீனே போதும். தென்கிழக்கு ஆப்பிரிக்க ஆறுகளைச் சேர்ந்த இந்த மீன் 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று காவேரிப்பாக்கம் மாதிரிப் பெரிய ஏரியானாலும் சரி, ஊர்க்கோடிக் குட்டையானாலும் சரி, பழைய வடஆர்க்காடு மாவட்டத்தில் அது இல்லாத தண்ணீர் அரிது. ஏஞ்சல், ஆஸ்கார், ஃபிளவர் ஹார்ன் இவையெல்லாம் சேர்ந்த சிக்லிட் குடும்பத்தில்தான் ஜிலேபியும் வருகிறது. கரையோரம் ஆழம் குறைந்த இடத்தில் ஆண் மீன் வாயால் மண்ணை அள்ளிப் போட்டுத் தட்டு போல ஒரு குழி பறிக்கும். பெண் மீன் வந்து அதில் முட்டையிட்டு, முட்டைகளை வாயில் எடுத்துக்கொண்டு போய்விடும். ஆண் குழியை விட்டு நகராது. பக்கத்துக் குழிக்காரன் எல்லை தாண்டினால் துடுப்புகளை விரித்துப் பக்கவாட்டில் தன் உடம்பைக் காட்டும். வாலால் தண்ணீரை அடித்து அந்த அலையை எதிரி மேல் தள்ளும். அதற்கும் மசியாவிட்டால்தான் வாயோடு வாய் கவ்வி இழுப்பார்கள். ஒரு சாண் வரப்புக்காகத் தலைமுறையாக வழக்கு நடத்தும் ஊர்களில் பிறந்த நமக்கு இது விளங்காத விஷயம் அல்ல.

இங்கே கவனிக்க வேண்டியது, சண்டைக்கு முன்னால் நடக்கும் இத்தனை சடங்கு. அடிபட்டால் ஜெயித்தவனுக்கும் நஷ்டம்தான். அதனால் முதலில் பெரிதாகக் காட்டிப் பயமுறுத்திப் பார்ப்பது, பிறகு தள்ளிப் பார்ப்பது, கடைசியில்தான் கடிப்பது என்று படிப்படியாகப் போகிறது. உங்கள் தொட்டியில் இரண்டு மீன்கள் துடுப்பை விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் நின்று உடம்பை நடுக்கினால் பதற வேண்டாம். அது பேச்சுவார்த்தை. ஒன்று துரத்த, இன்னொன்று திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிக்கொண்டே இருந்தால்தான் நாம் உள்ளே புக வேண்டும்.

ஜிலேபியிடம் இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஆண் ஜிலேபி சிறுநீரைத் தேக்கி வைத்து, எதிரியோடு மோதும் நேரத்தில் சிறுசிறு பீச்சலாக விடுகிறது. யார் பெரியவன் என்ற தகவல் அந்த வாசனையில் இருக்கிறது என்று போர்ச்சுகல் ஆய்வாளர்கள் 2007இல் காட்டினார்கள். மற்ற மீன்கள் அதை முகர்ந்தே ஒதுங்கிக்கொள்ளும், கடிபட வேண்டிய தேவை குறையும். ஆக, தொட்டித் தண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை. உள்ளே இருப்பவர்களின் அந்தஸ்து, எல்லை, பழக்கம் எல்லாம் அதில் கரைந்திருக்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு நம் வீடுகளில் தொட்டி கழுவும் முறையைப் பாருங்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீனையெல்லாம் பக்கெட்டில் விட்டு, கல்லைக் கொட்டிக் கழுவி, கண்ணாடியைத் தேய்த்து, முழுத் தண்ணீரையும் மாற்றி மறுபடி விடுவோம். அன்று சாயங்காலமே கடி தொடங்கும். நேற்று வரை தீர்ந்து கிடந்த எல்லைகள் எல்லாம் அழிந்துபோய், எல்லா மீனும் முதலிலிருந்து மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. பிரேசிலில் ஏஞ்சல் மீன்களை வைத்துச் செய்த ஆய்வில், பாதித் தண்ணீரை ஒரே நேரத்தில் மாற்றியபோது மோதல் கூடியது. கால் பங்கு மாற்றியபோது அந்தப் பாதிப்பு குறைவாக இருந்தது. தவிர, கல்லிலும் ஃபில்டர் பஞ்சிலும் வாழ்ந்து மீன் கழிவின் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாவையும் இந்தக் கழுவல் கொன்றுவிடுகிறது. வாரம் ஒருமுறை ஒரு டியூப் வைத்து அடியிலுள்ள அழுக்கோடு 20 முதல் 25 சதவீதம் தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, அதே சூட்டில் இருக்கும் தண்ணீரை ஊற்றினால் போதும். பஞ்சை அந்தப் பழைய தண்ணீரிலேயே அலசுங்கள், குழாயடியில் வேண்டாம்.

ஊற்றுகிற தண்ணீரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். வேலூரில் ஒரு வீட்டுக்கே இரண்டு மூன்று வகைத் தண்ணீர் வருகிறது: போர்த் தண்ணீர், மாநகராட்சிக் குழாயில் வரும் காவிரித் தண்ணீர், லாரித் தண்ணீர். பாலாற்றுப் படுகையில் பல இடங்களில் நிலத்தடி நீர் கடினமானது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவால் அது கெட்ட கதை எல்லோரும் அறிந்தது. இந்த வாரம் போர், அடுத்த வாரம் காவிரி என்று மாற்றி மாற்றி ஊற்றினால் பலவீனமான மீன்தான் முதலில் சோரும். சோர்ந்த மீனைத்தான் மற்றவை குறிவைக்கும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைக்கலாம், அல்லது கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டு மருந்து விடலாம். கடின நீர்தான் உங்கள் வீட்டில் நிரந்தரம் என்றால் மோலி, கப்பி, ஸ்வார்ட்டெயில், ஆப்பிரிக்க சிக்லிட் இவற்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அவை அந்தத் தண்ணீரில் தெம்பாக இருக்கும்.

“கடையில் சண்டை போடவில்லையே?”

இந்தக் கேள்வி நியாயமானது. கடைத் தொட்டியில் ஐம்பது, நூறு ஏஞ்சல் குஞ்சுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு அமைதியாகத்தான் இருக்கும். இரண்டு காரணம். ஒன்று, அவை குஞ்சுகள். சிக்லிட் வகையில் பலவும் சின்ன வயதில் கூட்டமாகத் திரியும். பருவத்துக்கு வந்து ஜோடி சேர்ந்த பிறகுதான் இடம் பிடிக்கத் தொடங்கும். இன்னொன்று, அந்த நெரிசலில் எந்த மீனாலும் ஓர் இடத்தைத் தனதென்று காப்பாற்ற முடியாது. ஒருவனைத் துரத்தித் திரும்புவதற்குள் இன்னும் பத்துப் பேர் வந்து நிற்பார்கள். அதே மீன்களில் நான்கை வாங்கி வந்து வீட்டில் விட்டால், காக்கக்கூடிய அளவில் இடமும் விரட்டக்கூடிய எண்ணிக்கையில் எதிரியும் கிடைத்துவிடுகிறார்கள்.

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி சிக்லிட் வளர்ப்பவர்கள் இந்த நெரிசலையே ஓர் உத்தியாகப் பயன்படுத்துகிறார்கள். மீன்களை வேண்டுமென்றே கூடுதலாக விட்டு, அடி ஒருவன் மேலேயே விழாமல் பலர் மேல் சிதறச் செய்வார்கள். அதற்குப் பெரிய தொட்டி, இரட்டை ஃபில்டர், தவறாத தண்ணீர் மாற்றம் எல்லாம் தேவை. நாற்பத்தைந்து லிட்டர் தொட்டியில் இதைச் செய்யக் கூடாது. சண்டை குறைவதற்குள் அம்மோனியா எல்லாவற்றையும் கொன்றுவிடும்.

இனி அந்த ‘ரவுடியை எடுத்துடுங்க’ யோசனைக்கு வருவோம். டாங்கனீக்கா ஏரிப் பகுதியில் வாழும் ஒரு சிக்லிட் இனத்தை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த இனத்தில் ஆதிக்கம் செலுத்தும் ஆண் பளிச்சென்ற நிறத்தில் இருக்கும். அடங்கிய ஆண்கள் மங்கிக் கிடக்கும். இருட்டில் அந்தப் பெரிய மீனை எடுத்துவிட்டு விளக்கைப் போட்டார்கள். சில நிமிடங்களிலேயே, அதுவரை ஒதுங்கியிருந்த ஆண் ஒன்று நிறம் ஏறி, மற்றவர்களைத் துரத்த ஆரம்பித்தது. உங்கள் வீட்டில் நடப்பதும் இதுதான். நாற்காலி காலியானால் உட்கார அடுத்த ஆள் தயாராக இருக்கிறது.

அதே ஆய்வுக்கூடம் 2007இல் இன்னொன்றையும் காட்டியது. இந்த மீன்கள் மற்றவர்கள் போடும் சண்டையை ஓரமாக நின்று பார்த்தே யார் பெரியவன், யார் சின்னவன் என்று கணித்துக்கொள்கின்றன. முதலாமவன் இரண்டாமவனை அடித்ததையும், இரண்டாமவன் மூன்றாமவனை அடித்ததையும் பார்த்துவிட்டால், முதலாமவனும் மூன்றாமவனும் மோதாமலேயே முடிவு அதற்குத் தெரிகிறது. பைட்டர் மீனும் பிறர் சண்டையைக் கவனித்துத் தன் நடத்தையை மாற்றிக்கொள்ளும் என்று 1998இலேயே தெரிய வந்தது. ஆகவே ஒரு தடவை தோற்ற மீனின் தோல்வி தொட்டி முழுவதும் தெரிந்த சேதி. அதனால்தான் ஒருவன் துரத்த ஆரம்பித்த மீனை நாலைந்து பேர் துரத்துகிறார்கள்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் செய்ய வேண்டியது ஓரளவு தெளிவாகிறது. முதலில் அடிபடும் மீனை எடுத்துத் தனியே வைத்துத் தேற்றுங்கள். துரத்துகிற மீனையும் ஒரு வாரம் பத்து நாள் வேறு தொட்டியில் வைக்கலாம். ஆனால் அதைத் திரும்ப விடும் முன் கல், கட்டை, செடி எல்லாவற்றையும் இடம் மாற்றி அடுக்குங்கள். பழைய அடையாளங்கள் எதுவும் இல்லாத இடத்துக்கு அது புதிய ஆளாக வந்து சேரும். கல்லை அப்படியே வைத்துவிட்டு மீனை மட்டும் எடுத்து எடுத்து விட்டால் எந்தப் பலனும் இருக்காது.

தொட்டியின் அளவும் அதன் உள்ளமைப்பும்

பெரிய தொட்டி வாங்கினால் சரியாகிவிடுமா? அமெரிக்க ஆய்வாளர் ரொனால்ட் ஓல்ட்ஃபீல்ட் 2011இல் மைடாஸ் சிக்லிட் என்ற மீனை வைத்து இதைச் சோதித்தார். வீடுகளில் வழக்கமாக இருக்கும் சின்னத் தொட்டிகளுக்குள் அளவைக் கொஞ்சம் கூட்டியோ மீன் எண்ணிக்கையை மாற்றியோ பார்த்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. மிகப் பெரிய இடமும், அதில் ஒளிய மறைய நிறைய அமைப்புகளும் சேர்ந்தபோதுதான் சண்டை கண்ணுக்குத் தெரிய குறைந்தது. ஒன்றரை அடியிலிருந்து இரண்டடிக்கு மாறுவதில் காசுதான் செலவு. மாறுவதென்றால் நாலடிக்கு மாறுங்கள்: நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஏறக்குறைய 255 லிட்டர். அந்த எடையை மாடியில் எங்கே வைப்பது என்று முதலில் யோசித்துவிட்டு வாங்குங்கள். தண்ணீரும் கல்லும் ஸ்டாண்டும் சேர்ந்தால் முந்நூறு கிலோவைத் தாண்டும்.

நீளமும் அகலமும் உயரத்தைவிட முக்கியம். எல்லை பிடிக்கும் மீன்கள் பெரும்பாலும் தரையைத்தான் அளந்து பிடிக்கின்றன. அழகுக்காக ஓரடிச் சதுரத்தில் இரண்டடி உயரம் நிற்கும் தொட்டிகளைச் சண்டைக்கார மீனுக்கு வாங்க வேண்டாம்.

உள்ளே அடுக்குவதில் ஒரே விதியை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும் என்பது என் கருத்து: தொட்டியின் ஒரு முனையில் நிற்கும் மீனுக்கு மறுமுனை தெரியக் கூடாது. பார்க்க முடியாத எதிரியை மீன் துரத்துவதில்லை. நடுவில் தண்ணீர் மட்டத்துக்குப் பாதி உயரமாவது வரும்படி கல்லையோ கட்டையையோ நிறுத்தினால், ஒரு தொட்டி இரண்டாகப் பிரிந்த மாதிரி ஆகிவிடும். நம் ஊரில் கல்லுக்குப் பஞ்சமில்லை. வேலூரைச் சுற்றியுள்ள கருங்கல் தண்ணீரின் தன்மையை மாற்றாது. நன்றாகத் தேய்த்துக் கழுவி, வெந்நீர் ஊற்றி, கண்ணாடி மேல் நேராக வைக்காமல் கீழே ஒரு தெர்மகோல் தாள் கொடுத்து அடுக்கலாம். எந்தக் கல் என்று சந்தேகம் வந்தால் அதன் மேல் எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரை இன்னும் கடினமாக்கும்.

ஒளிந்துகொள்ள மண்சட்டி மிக நல்லது. அடியில் ஓட்டை போட்ட பூந்தொட்டியைப் படுக்க வைத்தால் குகை தயார். கரிகிரியில் செய்யும் மெருகுப் பூச்சு வைத்த பாண்டங்கள் பார்க்க அழகு. ஆனால் தொட்டிக்குள் பூச்சில்லாத சாதாரணச் செம்மண் சட்டியே பாதுகாப்பு, ஏனென்றால் பூச்சில் என்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. தேங்காய் ஓடு, பிவிசி பைப் துண்டு எல்லாம் ஆகும். ஆனால் ஒவ்வொரு குகைக்கும் இரண்டு வாசல் வேண்டும். ஒரே வாசல் உள்ள குகைக்குள் அடிபடும் மீன் புகுந்தால், துரத்துகிறவன் வாசலில் நின்றுகொண்டு அதை வெளியே விடாமல் வைத்திருப்பான். குகைகளின் எண்ணிக்கை மீன்களின் எண்ணிக்கையைவிட இரண்டு மூன்று கூடுதலாகவே இருக்கட்டும். வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா மாதிரி அடர்ந்து வளரும் செடிகள் மேல்மட்டத்தில் மறைவு கொடுக்கும். கோல்டு ஃபிஷ் இருக்கும் தொட்டியில் மட்டும் அவை மிஞ்சாது, தின்றுவிடும்.

இனத்துக்கு இனம் கதை வேறு. எல்லாவற்றையும் இங்கே சொல்ல முடியாது, நம் கடைகளில் அதிகம் விற்பதை மட்டும் சொல்கிறேன். டைகர் பார்ப் மற்ற மீன்களின் துடுப்பைக் கொத்துவது பெரும்பாலும் கூட்டம் போதாததால். சுமத்ரா, போர்னியோ ஓடைகளில் கூட்டமாக வாழ்வது அது. தங்களுக்குள்ளேயே துரத்திக் கொத்தி வரிசை போட்டுக்கொள்ளும். மூன்று நான்கு மட்டும் வாங்கினால் அந்தத் தினவு ஏஞ்சல் மேல் பாயும். எட்டு, பத்து வாங்குங்கள், நீளத் துடுப்பு மீன்களோடு மட்டும் சேர்க்காதீர்கள். மோலி, கப்பி, ஸ்வார்ட்டெயிலில் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்கள் என்ற கணக்கில் விட்டால் பெண் மீன் பிழைக்கும். ஜோடி ஜோடியாக விற்பது பார்க்க முறையாகத் தெரிந்தாலும் அந்த ஒற்றைப் பெண் ஓடி ஓடியே செத்துப்போகும். ரெட் டெயில் ஷார்க் தொட்டிக்கு ஒன்றுதான். ஃபிளவர் ஹார்ன் 1990களில் மலேசியாவில் கலப்பினமாக உருவாக்கப்பட்டது. வாஸ்துவுக்கென்று வாங்கினாலும் ஆசைக்கென்று வாங்கினாலும் அதற்குத் தனித் தொட்டி. பிளட் பாரட் மீனும் கலப்பினமே, தைவானில் வந்தது. அதன் வாய் சரியாக மூடாததால் கடித்துக் கிழிக்க முடியாது, ஆனால் மோதித் தள்ளும்.

கோல்டு ஃபிஷ் விஷயத்தில் பலர் வீணாகப் பயப்படுகிறார்கள். ஒன்று இன்னொன்றின் பின்பக்கத்தை முட்டிக்கொண்டே துரத்தினால், துரத்துகிற மீனின் செவுள் மூடியைப் பாருங்கள். உப்புக்கல் தெளித்தது மாதிரி வெள்ளைப் புள்ளிகள் அங்கே மட்டும் இருந்தால் அது நோயும் இல்லை, சண்டையும் இல்லை. இனப்பெருக்கப் பருவத்து ஆண். ஆனால் அதே தொட்டியில் சக்கர் மீன் இருந்தால் கவலைப்பட வேண்டியதுதான். வளர்ந்த சக்கர், கோல்டு ஃபிஷ் மெதுவாக நகரும் இரவு நேரத்தில் அதன் உடம்பில் ஒட்டி மேல்கோழையைச் சுரண்டித் தின்னும். காலையில் பக்கவாட்டில் சிவந்த வட்டமான புண் தெரியும்.

ஏஞ்சல் ஜோடி சேர்ந்துவிட்டால் தொட்டியில் பாதியைத் தனதாக்கிக்கொள்ளும். செங்குத்தான இலையோ ஃபில்டர் குழாயோ கிடைத்தால் அதில் முட்டை ஒட்டி, இருவரும் மாறி மாறிக் காவல் நிற்பார்கள். அந்த நாட்களில் மற்ற மீன்களைக் குற்றம் சொல்லியும் பயனில்லை, ஏஞ்சலைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. தொட்டியின் நடுவில், ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தடுப்பு ஒன்றை வைத்து, ஜோடியை மற்ற மீன்களிடமிருந்து பிரித்து வைப்பதே வழி. அப்படிப் பெற்றோரே குஞ்சுகளைச் சுற்றி நின்று காப்பதைப் பார்க்கக் கிடைப்பது, என் கணக்கில், மீன் வளர்ப்பில் வரும் மிகப் பெரிய சந்தோஷம்.

பைட்டரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். தாய்லாந்தில் பல தலைமுறைகளாகச் சண்டைக்கென்றே தேர்ந்தெடுத்து வளர்த்த மீன் இது. 2019இல் அந்த நாட்டின் தேசிய நீர்வாழ் விலங்காகவும் அறிவிக்கப்பட்டது. காட்டில் அதன் மூதாதைகள் மோதினால் சில நிமிடங்களில் ஒன்று ஓடிவிடும். வளர்ப்பு இனத்தில் அந்த ஓடும் புத்தியைத்தான் தேர்வு செய்து குறைத்துவிட்டார்கள். அதனால் இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விடுவதற்குச் சரியான முறை என்று எதுவும் கிடையாது. கண்ணாடிக் குடுவைகளை அருகருகே வைத்தால் நடுவில் அட்டை வையுங்கள், நாள் முழுக்க எதிரியைப் பார்த்து விரைத்துக்கொண்டே இருப்பது அதை வாட்டும். வேடிக்கைக்காக இரண்டை ஒன்றாக விட்டுப் பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிக் கொடுங்கள்: விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தில் விலங்கு என்றால் மனிதன் தவிர்த்த எல்லா உயிரும்தான், மீனும் அதில் அடக்கம்.

ஒரே மாதிரித் தோற்றமுள்ள வேற்றினமும் பைட்டருக்கு எதிரிதான். சிவப்பு குள்ள கவுராமியையோ அகன்ற வால் கப்பி ஆணையோ அது தன் இனமாக நினைத்துப் பாயும். நிறம் இவ்வளவு வலுவான தூண்டுதலா என்றால், ஆம். நோபல் பரிசு பெற்ற நிக்கோ டின்பெர்கன் ஸ்டிக்கிள்பேக் என்ற சின்ன ஐரோப்பிய மீனை வைத்துச் சோதித்தார். அந்த இனத்தின் ஆணுக்கு இனப்பெருக்கக் காலத்தில் வயிறு சிவக்கும். மீன் மாதிரியே இல்லாத, அடிப்பக்கம் மட்டும் சிவப்புப் பூசிய பொம்மையை அது தாக்கியது. அச்சு அசலாக மீன் போலச் செய்து சிவப்பு பூசாத பொம்மையை அந்த அளவுக்குக் கண்டுகொள்ளவில்லை. ஜன்னலுக்கு வெளியே சிவப்புத் தபால் வண்டி போனபோதுகூடத் தொட்டியில் இருந்த ஆண்கள் அந்தப் பக்கம் பாய்ந்தன. ஆகவே புது மீன் வாங்கும்போது, ஏற்கெனவே இருக்கும் மூத்த மீனின் நிறமும் வடிவமும் இல்லாததாகப் பாருங்கள்.

புது மீனைச் சேர்க்கும் நாளில் கொஞ்சம் பொறுமை வேண்டும். இரண்டு மூன்று வாரமாவது வேறு தொட்டியில் வைத்து நோய் இல்லையென்று பார்த்த பிறகு, சாயங்காலம் விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள். விடுவதற்குச் சற்று முன் கற்களை இடம் மாற்றி, பழையவர்களுக்கு ஒரு முனையில் இரை போடுங்கள். அவை அங்கே மும்முரமாக இருக்கும்போது புதியவை மறுமுனையில் இறங்கட்டும். ஒரே ஒரு மீனை விடுவதைவிட மூன்று நான்கைச் சேர்த்து விட்டால் பழையவர்களின் கவனம் சிதறும். அப்புறம், மறுநாள் காலையில் விளக்கு போட்டதும் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். முதல் நாள் பார்வையில் தெரிவதைப் பின்னால் எந்த மருந்தும் சொல்லாது.

வேலூர் வெயிலை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. அக்னி நட்சத்திரத்தில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது மாடி வீட்டுத் தொட்டியில் தண்ணீர் 33, 34 வரை ஏறிவிடும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைக்க முடியும். 35 டிகிரியில் சுமார் 7தான். மீனின் உடல் சூடு தண்ணீரோடு சேர்ந்து ஏறுவதால், மூச்சு குறைகிற அதே நேரத்தில் அதற்குத் தேவை கூடுகிறது. பசியும் வேகமும் துரத்தலும் கூடவே ஏறும்; கடிபட்ட இடத்தில் கிருமியும் வேகமாகப் பரவும். மூடியை எடுத்து வலை போட்டு, மேல்பரப்பில் படும்படி ஒரு ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐஸ் கட்டியை நேராகப் போட வேண்டாம், மூடிய பாட்டிலில் வைத்து மிதக்க விடுங்கள். கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். கோடையில் இரையைக் குறைத்து, இரண்டு இடத்தில் தூவுங்கள்.

காயத்தைப் பார்த்துக் காரணம் பிரிப்பதும் பழக வேண்டியது. எல்லா மீனும் மேலே வந்து வாய் திறந்து நின்றால் அது தண்ணீரின் கோளாறு, சண்டை இல்லை. ஒரே ஒரு மீன் மட்டும் மேல் மூலையில் நிறம் வெளுத்து, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நின்றால் அது துரத்தப்படுகிறது. துடுப்பில் அரைவட்டமாக வெட்டு விழுந்திருந்தால் கடி. ஓரம் வெள்ளையாகி நாளுக்கு நாள் கரைந்தால் அழுகல் நோய். கடிபட்டதைத் தனி டப்பில் விட்டு, லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பைத் தனியே கரைத்து மெதுவாகச் சேர்க்கலாம். செதில் இல்லாத கெளுத்தி வகைகளுக்கு உப்பு ஆகாது. காய்ந்து தானாக விழுந்த நாட்டுவாதுமை இலை ஒன்றைக் கழுவிப் போடுவதும் உண்டு. தண்ணீர் தேநீர் நிறமாகும், பைட்டரும் கவுராமியும் அதை விரும்பும்.

இவ்வளவும் செய்தும் ஒத்துவராத மீன் இருக்கத்தான் செய்யும். அதைக் கொண்டுபோய் ஏரியிலோ கோட்டை அகழியிலோ பாலாற்றுக் குட்டையிலோ விட்டுவிடாதீர்கள், இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். சக்கர் மீன் அப்படித்தான் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை 2000இல் அரசு தடை செய்த பிறகும் அது நம் குளங்களிலிருந்து போகவில்லை. மீன் வாங்கும் அன்றே கடைக்காரரிடம் கேட்டு வையுங்கள், ஒத்துவராவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று. காசு திருப்பித் தராவிட்டாலும் வேறு மீனுக்கு மாற்றித் தரும் கடைகள் உண்டு. நன்றாக வளர்ந்த ஆஸ்காரையும் ஜோடி சேர்ந்த ஏஞ்சலையும் தேடி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.